சிவப்பு ஸ்டிக்கர்

"யோவ், கதவைத் தொறய்யா! இது வீடா, மாவு மில்லா?"

கதவு அதிர்ந்தது. பெரியவர் வேக்குவம் கிளீனரை நிறுத்தினார். தலையைக் கோதி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்த் திறந்தார்.

கீழ் வீட்டுக்காரர்தான். மெஷின் சத்தத்தில் ஆரம்பித்த சண்டை தண்ணீர்த் தொட்டிக்குத் தாவி, மாடிப்படி விளக்கு வரை போனது. பெரியவரும் லேசில் விடவில்லை. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தார்.

வேக்குவம் கிளீனர் கம்பெனியிலிருந்து வந்து சோபா நுனியில் உட்கார்ந்திருந்த டிசைனர் பெண்ணுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கீழ் வீட்டுக்காரர் கத்தக் கத்த, தன் பக்கம் காற்று அடிப்பதாக அவளுக்குத் தோன்றியது.

தூசிப் பை போய், தூசியைச் சுழற்றி டப்பாவில் தள்ளும் மெஷின்கள் வந்த நாளிலிருந்து அவள் கம்பெனிக்கும் போட்டிக் கம்பெனிக்கும் ஏழாம் பொருத்தம். உறிஞ்சுவதில் இரண்டு மெஷினும் சரிக்குச் சரி. சத்தத்திலாவது ஜெயிக்கலாம் என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, மின்விசிறி அளவுக்குக்கூடச் சத்தம் வராத ஒன்றை அவள் செய்துவிட்டாள். அதற்குள் தோழிகள் போன் செய்வதையே விட்டுவிட்டார்கள். விடுமுறை நாளில் அவள் வாய்விட்டுப் பேசுவது அந்த மெஷினோடு மட்டும்தான்.

கம்பெனிப் பெயர்களை மறைத்து, போட்டிக்காரர்களுடையதில் சிவப்பு ஸ்டிக்கரும் அவளுடையதில் நீல ஸ்டிக்கரும் ஒட்டி, இரண்டையும் வீடு வீடாகப் போட்டுப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். இதுவரை ஓட்டு பாதிக்குப் பாதி. இந்தக் கடைசி வீடும் காலை வாரினால் நீலத்தை மூட்டை கட்டிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஒருவழியாகக் கீழ் வீட்டுக்காரர் முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

அவள், பெரியவர் ஓட்டிக்கொண்டிருந்த சிவப்பு மெஷினின் கண்ணாடி டப்பாவைக் குனிந்து பார்த்தாள். உள்ளே ஒரு சிட்டிகைத் தூசிகூட இல்லை.

"தினமும் போடுவீங்களா சார்?"

"தினமும். சில நாள் ரெண்டு தடவைகூட."

"நீலத்தைப் போட்டுப் பார்த்தீங்களா?"

"முதல் ரெண்டு நாள் அதைத்தான் போட்டேன். அருமையான மெஷின்மா. தூக்க லேசு. ஓடுதா இல்லையான்னு கையை வெச்சுப் பார்க்க வேண்டியிருந்துச்சு. வீடே அவ்வளவு அமைதி."

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பேனாவைத் திறந்துவிட்டாள். "அப்போ நீலம்னு எழுதிக்கட்டுமா சார்?"

"வேணாம்மா. சிவப்புன்னே எழுதிக்கோ."

எது யாருடையது என்று சொல்லக்கூடாது என்பது விதி. விதியாவது ஒன்றாவது.

"சார், அந்த நீலம் நான் செஞ்சது. என் வாழ்க்கையே அதுலதான் போச்சு. எதுல குறைன்னு சொல்லுங்க, சரி பண்ணிடுறேன்."

"குறையே இல்லம்மா. நல்லாச் செஞ்சிருக்க."

"அப்புறம் ஏன் சார்? இதைப் போட்டா கீழ் வீட்டுக்கு ஒரு பொட்டுச் சத்தம் போகாது. அந்த ஆள் இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டாரு!"

பெரியவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"அவரும் வரலேன்னா, இந்த வீட்டுக்கு வேற யாரும்மா வருவா?"