எப்போ எடுக்கறீங்க?

"எப்போ எடுக்கறீங்க?" என்று கேட்காமல் அன்று காலை கோவிலம்பாக்கத்து அந்த ஃபிளாட்டுக்குள் யாரும் நுழையவில்லை.

லக்ஷ்மிநாராயணன் இறந்து, அவருக்காகக் கலந்த காபிகூட இன்னும் ஆறவில்லை. அதற்குள் அவருடைய தம்பி ஸ்ரீவத்சன் பதிலோடு தயாராக இருந்தார். மதியத்துக்குள் எடுத்துவிடுவது. வாத்தியாருக்குச் சொல்லியாயிற்று. மயானத்தில் நேரம் வாங்கியாயிற்று. தன் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கவே ஒரு வருஷம் அலைந்த மனுஷர் அவர்.

லக்ஷ்மிநாராயணனின் மனைவி நாகலக்ஷ்மி போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். டொரன்டோவில் இருக்கும் மகன் கேஷவோடு பேசினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கேஷவ் வரான். மூணு நாளாகும். அதுவரைக்கும் எம்பாமிங் பண்ணி வெச்சிடலாம்."

அண்ணன் போனபோது வராத அழுகை ஸ்ரீவத்சனுக்கு அப்போது வந்தது.

"மன்னி, அதெல்லாம் பாடியை ஃபிளைட்ல ஏத்தறவங்க பண்றது. அண்ணா எங்க போகப்போறார்? இங்கேர்ந்து மயானம் நாலு தெரு."

ஹாலில் இருந்தவர்கள் எல்லோருக்கும் சட்டென்று எம்பாமிங் தெரிந்திருந்தது. எரிக்கப்போகிற உடம்புக்கு எதற்கு மருந்து என்றார் மேல்மாடி வங்கி மேனேஜர். ரத்தத்தையெல்லாம் எடுத்துவிடுவார்கள், யூடியூபில் பார்த்தேன் என்றாள் எதிர்வீட்டு அம்மாள், பஜ்ஜிக்குப் பக்குவம் சொல்கிற குரலில். சாஸ்திரத்தில் இடமில்லை என்றார் ஸ்ரீவத்சன். சாஸ்திரம் ஃபார்மலினைப் பற்றி எந்தக் கருத்தும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஐஸ் பெட்டி போதுமே என்று நாலு பேர் சேர்ந்து சொன்னார்கள்.

"கரண்ட்?" என்றாள் நாகலக்ஷ்மி.

மே மாதம். அந்த ஏரியா. ஐஸ் பெட்டி அதோடு அடிபட்டுப் போயிற்று.

ஆம்புலன்ஸ் துரை தொகையைச் சொன்னதும் ஹாலே உச்சுக்கொட்டியது. பதினெட்டாயிரம். வண்டி வாடகை தனி. கொடுக்கப்போகிறவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் வயிறு எரிந்தது.

லக்ஷ்மிநாராயணன் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டார். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும் என்று சொல்லிச் சொல்லியே ஏசி வாங்காமல் காலம் தள்ளியவர். கடல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அவருக்காக அவர் பணத்தில் நடந்த முதல் ஆடம்பரம் இதுதான். வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் அவர் இருந்தது செலவு செய்ய வசதியாகப் போயிற்று.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் சாயங்காலம் திரும்பி வந்தார். போனபோது இருந்ததைவிட நன்றாக இருந்தார். ஒட்டிய கன்னம் கொஞ்சம் நிரம்பியிருந்தது. தூக்கத்திலும் சுருங்கியே இருக்கும் புருவம் விரிந்திருந்தது.

நாகலக்ஷ்மி கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்தாள். இப்படியொரு ஆளோடு குடித்தனம் நடத்தியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

"மூணு நாளு இன்னாமா, மூணு மாசம் வெச்சாலும் அய்யா இப்டியேதான் இருப்பாரு" என்று தேற்றிவிட்டுப் போனார் துரை.

ஸ்ரீவத்சனுக்கு அந்த வார்த்தை ஆறுதலாகப் படவில்லை. மறுநாள் காலை அண்ணன் பக்கத்தில் குனிந்து, யாரும் பார்க்காத மாதிரி மூச்சை இழுத்துப் பார்த்தார். லேசாக ஏதாவது நெடி வந்தால் போதும், உடனே எடுத்துவிடலாம். பன்னீர்தான் மணந்தது. அதற்கடுத்த நாளும் குனிந்தார். வாழ்நாள் முழுக்கத் தம்பி சொன்ன எதையும் கேட்காத அண்ணன், இப்போதும் கெடுவதாக இல்லை.

பொழுது நகர மறுத்தது. வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதால் மேல்மாடியிலிருந்து இட்லி வந்தது. முதல் நாள் சட்னி, சாம்பாரோடு வந்தது. மறுநாள் வெறும் பொடியோடு. துக்கத்துக்கும் ஒரு கெடு உண்டு. கேஷவின் ஃபிளைட் நம்பர் என்ன என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். துபாயில் மாறி வருகிறான், ஏதோ தாமதமாம் என்று நாகலக்ஷ்மி சமாளித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை கேட்டில் ஒரு டாக்ஸி வந்து நின்றது.

ஸ்ரீவத்சன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். பின்னால் பாதி காலனி ஓடியது.

டாக்ஸியிலிருந்து மிருதுளா இறங்கினாள்.

லக்ஷ்மிநாராயணனின் மகள். கோவளத்துப் பையன் பென்னியைத் தாம்பரம் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு, அன்று மாலையே ஆசீர்வாதம் வாங்க வந்தவள். அப்பா எழுந்து வந்து, அவள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை. அவளும் பென்னியும் ஆக்லாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

ஸ்ரீவத்சன் கேட்டருகிலேயே நின்றுவிட்டார். பிறகு படியேறி வந்து நாகலக்ஷ்மியைப் பார்த்தார்.

"மன்னி, கேஷவ்?"

"அவனுக்கு லீவு இல்லையாம். சித்தப்பாவே கொள்ளி வெச்சிடட்டும், நான் வீடியோல பாத்துக்கறேன்னு முதல் நாளே சொல்லிட்டான்."

ஸ்ரீவத்சன் திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவ வந்து என் முகத்தைப் பாத்துடக் கூடாது. அதுக்குள்ள என்னை எடுத்துடு." கஞ்சி ஃபிளாஸ்கோடு கதவுக்குப் பின்னால் மன்னி நின்றிருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

மிருதுளா வாசற்படியைத் தாண்டவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கிடத்தியிருந்த அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாடி" என்றாள் நாகலக்ஷ்மி. "இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டார்."