யானை வைத்த டிப்ஸ்

ஆற்றங்கரை ஓட்டலில் திருப்தியாகச் சாப்பிட்ட யானை, டிப்ஸாக ஒரு பலாப்பழத்தை வைத்துவிட்டுப் போனது.

"பரிமாறினது நான், சமைச்சது அணில். ஆளுக்குப் பாதி. நேத்து பாத்திரம் கழுவச் சேர்ந்த நண்டுக்கு எதுக்குப் பங்கு?" என்று சொல்லிவிட்டுக் காக்கை பழத்தைக் கொத்தியது. பலாப்பால் பிசினாய் ஒட்டிக்கொள்ள, அலகு திறக்கவே இல்லை.

அணில் விழுந்து விழுந்து சிரித்தது. "அண்ணே, அடுத்த மேசைக்கு என்ன வேணும்னு கேளுங்க பார்ப்போம்!"

நண்டு ஓடிவந்தது. சட்டி கழுவி எண்ணெய் ஊறிப்போன கொடுக்குகளால் அலகைத் தடவித் தடவிப் பிரித்துவிட்டது. பிறகு மிச்சப் பாத்திரங்களைக் கழுவப் போய்விட்டது.

"கா! கா!" என்று காக்கை கத்தியது.

"பக்கத்திலேதானே நிக்கிறேன், எதுக்கு இப்படிக் கூப்பிடுறீங்க?" என்றது அணில்.

"உன்னை யாரு கூப்பிட்டா? தம்பி இன்னும் சாப்பிட வரலையே!"