கதவில் ஒரு பெயர்

ஹெல்சிங்கி ரயில் நிலைய வாசலில் படுத்துக்கிடந்த எஸ்கோவுக்குப் பட்டாணி சூப் ஊற்றினாள் மிர்யா.

"எனக்கு வீடு இருக்கு. கதவுல 'சாலோ'ன்னு குடும்பப் பேரு போட்டிருக்கும். மிர்யா அக்கா, நீயாவது சொல்லேன்!" என்றான் எஸ்கோ.

புதிதாகத் தொண்டுக்கு வந்த யூஹா திகைத்தான். "உங்க பேரு இவருக்கு எப்படிக்கா தெரியும்?"

"சட்டையில எழுதி ஒட்டியிருக்கேன்ல? மனநோய் அப்படித்தான் பேச வைக்கும். மறுத்துப் பேசாதே, சும்மா தலையாட்டு."

இருவரும் தலையாட்டினார்கள். நம்பிவிட்டார்கள் என்று சிரித்த எஸ்கோ, தெருவின் பெயரையும் சொன்னான்.

"தெருப் பேரும் சொல்றாரே. நாளைக்கு ஒரு எட்டு போய்ப் பாத்துடறேன்க்கா."

"இவங்க பேச்சை நம்பினா நாமளும் தெருவுலதான் நிக்கணும்!"

வீடு திரும்பிய மிர்யா, காலணியைக் கழற்றுவதற்கு முன், அப்பா தனக்கும் தம்பிக்குமாக விட்டுப்போன அந்த வீட்டுக் கதவிலிருந்து 'சாலோ' என்ற பெயர்த் தகட்டைக் கழற்றினாள்.