கறி தராத கடை

"உங்களுக்குக் கறி கெடையாதுங்ணா. ஊட்டுக்குப் போங்க."

நசுருல்லா வெட்டுக்கட்டையிலிருந்து நிமிராமலே சொன்னார். புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அவருடைய கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வெள்ளியங்கிரி எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். குரல் மட்டும் இன்னும் ஓயவில்லை.

"ஏம்ப்பா, ஓசியிலயா கேக்கறேன்? கால் கிலோ போடு. மேச்சேரி ஆடுதான அது? பாத்தாலே தெரியுது, இளங்கறி."

"இளங்கறிதானுங்க. ஆனா உங்களுக்கு இல்ல."

"சரி, ஈரலாச்சும் குடு."

"ஈரலா!" நசுருல்லா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அதத் தின்னுட்டு என்ன பாடு பட்டீங்கன்னு மறந்து போச்சுங்களா? கால் பெருவிரல் தக்காளியாட்டம் வீங்கி, வேட்டி நுனி பட்டாக்கூட அலறுனீங்களே. நாந்தான கைத்தாங்கலா சேலம் பஸ்சுல ஏத்துனேன்? ரத்தத்துல யூரிக் ஆசிட்டு கூடிப்போச்சு, கறி, ஈரல், பீரு எதையும் தொடாதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரில்ல?"

"அவரு கறி தின்னுட்டு வந்துதான் அதச் சொல்லியிருப்பாரு."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நசுருல்லா சிரிக்கவில்லை.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"தண்ணி?"

"கொடங் கொடமாக் குடிக்கறேன். கால் கிலோ போடு."

"சென்னியம்மா அண்ணி எங்கிட்டக் கண்டிசனாச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. 'தம்பி, உங்கண்ணன் வாயக் கட்ட மாட்டாரு. அழுது கேட்டாலும் ஒரு துண்டு குடுத்தறாதே'ன்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

"எம் பொண்டாட்டி பேச்ச நானே கேக்கல, நீ கேப்பியா?"

"நீங்க கேக்காததுனாலதான எங்கிட்டச் சொன்னாங்க!"

வெள்ளியங்கிரி தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, வாய்க்குள் திட்டியபடியே வெறுங்கையோடு போனார். வாராவாரம் நடக்கிற கூத்துதான் இது. ரோட்டைத் தாண்டினால் புதுக் கறிக்கடை ஒன்று இருந்தது. அங்கே இவரைத் தடுக்க ஆளில்லை. என்றைக்காவது அங்கே போய்விடுவாரோ என்று நசுருல்லாவுக்கு உள்ளூர ஒரு பயம்.

அடுத்த ஞாயிறு சேலத்தில் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ். மச்சான் நிஜாமுதீனைக் கடையில் உட்கார வைத்துவிட்டு நசுருல்லா போயிருந்தார். பொழுது சாயத் திரும்பி வந்தவர், வியாபாரம் எப்படி என்று விசாரித்தார்.

"எல்லாம் வித்துருச்சு மச்சான். வெள்ளியங்கிரின்னு ஒருத்தரு கால் கிலோ கேட்டாரு. போட்டு, கூட ரெண்டு துண்டு ஈரலும் வெச்சுக் குடுத்தேன். வாங்கிட்டு எம் மூஞ்சியவே பாத்துட்டு நின்னாரு. 'வேற ஒண்ணுஞ் சொல்ல மாட்டியா?'ன்னாரு. மசாலாப் பொடி வேணுங்களான்னு கேட்டேன். பேசாமப் போயிட்டாரு."

"அடப்பாவி! அவருக்கா குடுத்தே?"

நசுருல்லா சைக்கிளை எடுத்துக்கொண்டு விரட்டினார்.

வெள்ளியங்கிரியின் வீட்டில் ரேடியோ மாநிலச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. அவர் சமையலறையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். நசுருல்லா தட்டைக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து அவருடைய கால் பெருவிரலைத் தொட்டுப் பார்த்தார்.

"வலிக்குதுங்களா? சுருக்குன்னு இருக்குதா? எந்திரிங்க, சேலத்துக்குப் போயிரலாம்."

"உக்காருப்பா. ஒண்ணுமில்ல."

அப்போதுதான் நசுருல்லா தட்டைப் பார்த்தார். களியும் கீரையும் இருந்தன.

"கறி எங்கீங்க?"

"பிரிக்கவே இல்ல. பக்கத்தூட்டுக்குக் குடுத்துட்டேன். நான் கறிய உட்டு ரொம்ப நாளாச்சு நசுரு. மறுபடி அந்த வலிய ஆரு தாங்கறது?"

நசுருல்லாவுக்கு மூச்சு திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"தின்னவே மாட்டீங்கன்னா, அப்பறம் எதுக்குங்ணா வாரந் தவறாம வந்து எங்கூட மல்லுக்கட்டறீங்க?"

வெள்ளியங்கிரி ரேடியோவை நிறுத்தினார்.

"சென்னியம்மா செத்ததுக்கப்பறம், எங்காலு நல்லா இருக்கோணும்னு என்னயத் திட்டறதுக்கு இந்த ஊருல நீ ஒருத்தன்தான் இருக்கற, சாமி."