ஏழு பத்துப் பழுது

றவூப் நானாவுக்கு வேலை தெரியாது. கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கை முழுவதும் இதே தீர்ப்புத்தான்.

காரணம், ஹியூபேட்டின் பழைய டீசல் பிக்கப். முகத்துவாரத்திலிருந்து மீன்கடைகளுக்கு ஐஸ் கட்டி ஏற்றிவரும் வண்டி. மூன்று வாரமாக அது தினமும் காலை ஏழு பத்துக்கு, ஒழுங்கை நடுவே கிளெமென்ற் வீட்டுக் கேற்றுக்கு முன்னால் நின்றுவிடும். ஒரு முழம் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை.

றவூப் ஒழுங்கை முனையில் கராஜ் வைத்திருப்பவர். முதல் நாளே டீசல் குழாயில் ஒரு வெடிப்பைக் கண்டு, குழாயை மாற்றினார். மறுநாளும் நின்றது. பில்டரை மாற்றினார். நின்றது. டாங்கியைக் கழற்றிக் கழுவினார். அதற்குப் பிறகும் நின்றது. அவரே ஓட்டி ஹெந்தளை வரை போய் வந்தால் மட்டும் ஓர் இருமல்கூட இல்லை.

ஒழுங்கையில் எல்லோரும் மெக்கானிக் ஆனார்கள். அப்பம் சுடுகிற பழனியம்மா, இது கண்ணூறு என்று சொல்லி வண்டியின் முன்பக்கத்தில் தேசிக்காயும் மிளகாயும் கட்டினாள். கராஜுக்கு எதிர்வீட்டு டோரின், கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை எஞ்சின் மூடியில் தெளித்தாள். வண்டி தேசிக்காயோடும் தீர்த்தத்தோடும் நின்றது.

மீன்கடைக்காரர்கள் உருகிய ஐஸுக்காக ஹியூபேட்டை ஏசினார்கள். ஹியூபேட் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். டோரின் ஏசியது றவூபை. போர்ட்டில் மட்டும் எழுத்து பெரிசு என்று அவர் காதில் விழும்படி சொன்னாள். "டீசல் பம்ப் பழுது கண்டுபிடிக்கப்படும்" என்பதுதான் கராஜ் வாசலுக்கு மேலே தொங்கிய அந்தப் போர்ட்.

றவூபுக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் பழுத நான் கண்டுபிடிக்கல்லண்டா, போர்ட நானே கழட்டிப் போடுவன்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார்.

ஒரு விஷயம் அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. டீசல் வராமல் நிற்கிற எஞ்சின் விக்கித் திணறித்தான் நிற்கும். பிறகு கைப்பம்பை அமத்தி அமத்தி, உள்ளே போன காற்றை வெளியேற்றினால்தான் மறுபடி ஓடும். இதுவோ விக்காமல் நிற்கிறது. கால் மணித்தியாலம் கழித்துச் சாவியைத் திருப்பினால் உடனே ஓடுகிறது.

புதன்கிழமை விடியற்காலையில் றவூப் முகத்துவாரத்துக்குப் போனார். ஹியூபேட் பார்க்காத நேரம் வண்டியின் பின்பக்கத்தில் ஏறி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சாக்கைப் போர்த்துக்கொண்டு படுத்தார்.

ஏழு பத்து. சாக்கை விலக்கிப் பின்கண்ணாடி வழியே பார்த்தார். ஹியூபேட்டின் கை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குமிழை இழுத்தது. பழைய டீசல் எஞ்சினை நிறுத்துவதற்கென்றே உள்ள குமிழ் அது. இழுத்தால் பம்பில் டீசல் அடைபடும். எஞ்சின் நின்றது. ஹியூபேட் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு இறங்கினார்.

கேற்றடியில் கிளெமென்ற் ஏற்கெனவே தயாராக நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மழித்த முகம், இஸ்திரி போட்ட சேர்ட், ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் தேநீர்ப் போத்தலும் இரண்டு கோப்பையும்.

பம்பைப் பற்றி அரை நிமிடம் கதைத்தார்கள். மீதி நேரம் கப்பல், கிரிக்கெட், பல்வலி. உருகிய தண்ணீர் றவூபின் முதுகில் ஓடியது. தும்மல் வந்தபோது சாக்கைக் கடித்துக்கொண்டார்.

வண்டி புறப்பட்டு அடுத்த வளைவு தாண்டியதும் பின்கண்ணாடியைத் தட்டினார். ஹியூபேட் பயந்துபோய் பிரேக் அடித்தார். பிடிபட்டது தெரிந்ததும் தலை குனிந்தார்.

"மனிசி செத்து ஆறு மாசமா கிளெமென்ற் அண்ணன் கதவே திறக்கேல்ல நானா. முதல் நாள் வண்டி உண்மையாத்தான் நிண்டது. சத்தம் கேட்டு ஸ்பானரோட வெளியில வந்தார். பழுதெண்டாத்தான் அந்த மனுசன் வாறார். நான் என்ன செய்ய?"

"அப்ப என்ட போர்ட்?"

 நாளையிலிருந்து வண்டியை நிறுத்த மாட்டேன் என்றார் ஹியூபேட்.

வியாழன் காலை பிக்கப் நிற்காமல் போனது. டோரின்கூட றவூபைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். எட்டு மணிக்கு, தேநீர்ப் போத்தலோடு கிளெமென்ற் கராஜுக்கு வந்தார்.

"நானா, இண்டைக்கு ஏன் வண்டி நிக்கேல்ல?"

பழுது பிடிபட்டுவிட்டது என்று றவூப் சொன்னார்.

கிளெமென்ற் குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருசம் டீசல் எஞ்சினோட கிடந்தவன் நான். குமிழ் இழுத்து நிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? பாவம் ஹியூபேட், பெஞ்சாதி பிள்ளையள் எல்லாம் இத்தாலியில. கதைக்க ஆளில்லாமல்தான் பொடியன் வண்டிய நிப்பாட்டுறான். அவனுக்காகத்தான் நானும் விடியக் குளிச்சு வெளிக்கிட்டு நிக்கிறன். நீங்க திருத்தினதத் திரும்பப் பழுதாக்கி விடுங்க. எனக்குத் தெரியும் எண்டு மட்டும் அவனுக்குச் சொல்லிப்போடாதேங்க."

இருபத்தைந்து வருடத்தில் இப்படியொரு வேலை றவூபிடம் வந்ததில்லை. பின்னேரம் ஹியூபேட்டைத் தேடிப் போய், நாளைக்குக் குமிழை இழுக்கச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு பத்துக்கு பிக்கப் நின்றது. ஏழு பதினைந்துக்கு றவூப் கராஜ் வாசலில் ஏணியைச் சாத்தினார். ஒரு பக்கத்தை ஹியூபேட் பிடித்துக்கொண்டார், மறுபக்கத்தை கிளெமென்ற். கிளெமென்ற் வேறு பக்கம் பார்த்த நேரம் ஹியூபேட் மேலே பார்த்து உதட்டில் விரல் வைத்தார். ஹியூபேட் மூக்கைச் சிந்தத் திரும்பிய நேரம் கிளெமென்ற்றும் அதையே செய்தார்.

டோரின் தன் கேற்றில் சாய்ந்து நின்றாள். "வேலை தெரியாதெண்டு இப்பவாவது ஒத்துக்கொள்ளுறீங்களா நானா?"

றவூப் போர்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

"ஓம் டோரின். அந்தப் பழுது எனக்குப் பிடிபடவே இல்ல."