முந்தி நட்டவன்

ஒரே வாய்க்காலில் பாயும் வயல்களில் எல்லாரும் ஒன்றாகத்தான் நடவேண்டும் என்பது பாலித் தீவில் எங்கள் பாசனக் கூட்டத்தின் கட்டுப்பாடு. நல்ல விலைக்கு ஆசைப்பட்டு காதெக் மட்டும் முந்தி நட்டான்.

"திமிராடா? தண்ணிய அடைச்சிடுவேன்!" என்று தலைவர் சுகர்த்தா கத்தியும் அவன் கேட்கவில்லை. வேறெந்த வயலிலும் கதிர் வராததால் ஊர் எலியெல்லாம் அவன் வயலில் புகுந்து, ஒரு கதிரைக்கூட விட்டுவைக்கவில்லை.

எங்கள் அறுவடை முடிந்ததும் கூட்டத்தில் வந்து நின்றான்.

"தப்புதாண்ணே. அடுத்த தடவை எல்லாரோடயும் சேர்ந்து நடுறேன்."

"நட்டுப் பாரு, கால ஒடிச்சிடுவேன்!" சுகர்த்தா துள்ளி எழுந்தார். "உன் வயல்ல கூடுன எலிய அங்கேயே வளைச்சு அடிச்சதாலதான் எங்க நெல்லு தப்பிச்சுது. இனிமே நீதான் முதல்ல நடணும்!"

காதெக்குக்கு முகம் சிவந்தது. "எலிக்குச் சோறு போட நான்தான் கெடச்சேனா?"

"ஆமா. எலிக்கு நீ போடு," என்று அதே கோபத்தோடு சீறினார் சுகர்த்தா. "உனக்கு நாங்க போடுறோம்!"