ஐந்தாவது நிமிஷம்

“பயம் வந்தா உனக்குக் குரல் வருமா, போயிடுமா?” என்று முதல் நாள் ஸரஸா மேடம் கேட்டபோது நிம்மி வாயே திறக்கவில்லை. அதையே பதிலாக மேடம் எழுதிக்கொண்டார்.

இன்று மூன்றாவது சோதனை. இதுதான் கடைசியும். இலங்கையில் மண் சரிந்த மலைத்தோட்டங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மைசூரிலிருந்து மேடத்தின் நிவாரணக் குழு கிளம்புகிறது; உதவிக்கு அழைக்க வேண்டிய நம்பர் முன்கூட்டியே அங்கே போய்விட்டது. குழுவில் தமிழ் பேசுகிறவர்கள் நாலு பேர் உண்டு. தமிழ் எழுதத் தெரிந்தவள் நிம்மி மட்டும்தான், மற்றவர்கள் வாசிப்பதோடு சரி. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு, வீட்டில் ஊதுபத்தி பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தவளை அதற்காகத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

உதவி கேட்டு வருகிற போனை எடுத்து, ஒரு தாளில் எட்டுக் கட்டங்களை நிரப்ப வேண்டும். பெயர், இடம், எத்தனை பேர், யாருக்கு அடி. ஐந்து நிமிஷத்துக்குள் பேச்சை முடித்துவிட வேண்டும். அடுத்தவர் லைன் கிடைக்காமல் காத்திருப்பார்.

முதல் சோதனையில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் போனை வைக்க மனசு வராமல் ஒன்பது நிமிஷம் பேசிவிட்டாள். இத்தனைக்கும் அடுத்த அறையிலிருந்து அழுது நடித்தது நர்ஸ் ஜேன் ஆன்ட்டி.

“பேகா, சீக்கிரம் வாம்மா, மனே பூரா மண்ணுக்குள்ள போயிருச்சு,” என்று ஆன்ட்டி அலறியதைக் கேட்டு மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஜேன், அங்க யாரும் கன்னடத்துல சாக மாட்டா.”

“அதுவா வருது மேடம், அப்பியாச ஆகிடுச்சு.”

மேடம் நிம்மியின் பக்கம் திரும்பினார். “இன்னொரு தடவை அஞ்சு நிமிஷம் தாண்டினா உன்னைக் கூட்டிண்டு போக மாட்டேன். ஒருத்தர்கிட்ட நீ பாவம் பார்த்தா இன்னொருத்தர் உயிர் போகும்.”

அது போன வாரம். இன்று சர்ச்சின் ஞாயிறுப் பள்ளி அறையில் நிம்மி தனியாக உட்கார்ந்திருந்தாள். மேசையில் தாள், பேனா, டைமர், குழுவோடு போகப்போகிற போன். மூன்று மணிக்கு அழைப்பு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

மூன்று மணி ஆனதும் போன் அடித்தது. எண்ணைக்கூடப் பார்க்காமல் எடுத்து, டைமரைத் தட்டினாள்.

“தங்கச்சி, கேக்குதா? கோயில்ல ஒட்டியிருந்த நம்பருக்கு அடிக்கிறேன்.” பெண் குரல். பின்னால் தண்ணீர் கொட்டும் இரைச்சல். குழாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள் போல.

“கேக்குது அக்கா. பேர் சொல்லுங்க.” நடுங்கினாலும் குரல் வந்தது.

“செல்லக்கண்ணு. மேல் டிவிசன், நாலாம் லயம். திரும்பவும் மண்ணு வந்து கதவ மூடிருச்சு. ஆறு பேரு உள்ள இருக்கோம்.” தோட்டத்தின் பெயரையும் சொன்னாள். லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்; நிம்மி எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள்.

“யாருக்காவது அடி பட்டிருக்கா?”

“மகளுக்குக் கால் சிக்கியிருக்கு. தண்ணி முழங்கால் வரைக்கும் ஏறிருச்சு.”

ஒரு கன்னட வார்த்தைகூட வரவில்லை. ஆன்ட்டி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்க வேண்டும். நடிப்பு என்று தெரிந்தும் நிம்மி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். யாரோ முனகுவதுகூடக் கேட்டது.

நாலரை நிமிஷம். எட்டாவது கட்டமும் நிரம்பியது.

“எழுதிக்கிட்டேன் அக்கா. மத்தவங்களும் லைன்ல வரணும், வைக்கிறேன்.”

“வச்சிராதீங்க தங்கச்சி. மூணு வீதந்தான் சார்ஜ் இருக்கு. போச்சுன்னா நான் யாருகிட்ட பேசுவேன்? ஆள் வர்றாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் விதி. போன தடவை இந்த இடத்தில்தான் அவள் தோற்றாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிவப்புப் பட்டனை அழுத்தினாள்.

டைமர் நாலு நிமிஷம் ஐம்பது வினாடி காட்டியது. நிம்மிக்குச் சிரிப்பு வந்தது. தாளின் அடியில் ‘பேச்சு முடிந்தது’ என்று எழுதி நேரத்தைக் குறித்தாள்.

கதவு திறந்தது. முன்னால் ஸரஸா மேடம். பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றியபடி, மூச்சு வாங்க, ஜேன் ஆன்ட்டி.

“ஸாரிம்மா, நஞ்சன்கூடு ரோட்டுல ஸ்கூட்டி பங்ச்சர். இப்பத்தான் வர்றேன். ஆரம்பிக்கலாமா?”

நிம்மி தாளை நீட்டினாள். மேடம் அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். போனை எடுத்துக் கடைசியாக வந்த எண்ணைப் பார்த்தார். இலங்கை எண். அதற்கே திருப்பி அடித்துக் காதில் வைத்தார்; போன் அணைந்திருக்கிறது என்ற பதிவுக் குரல்தான் வந்தது, உடனே இறக்கினார்.

பிறகு அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.